சந்தனம் பட்ட பிப்பெற்

நாங்கள் ஓட்டும் ஒவ்வொரு தட்டிலும் கடைசிக் குழியில் வெறும் தண்ணீர் இருக்கும். யாருடைய மூக்கிலிருந்தும் எடுத்ததல்ல, போத்தலில் வரும் சுத்தமான தண்ணீர். மற்றக் குழிகளுக்குப் போடும் எல்லா மருந்தையும் அதற்கும் போடுவோம். மெசின் நாற்பது சுற்று ஓடி முடியும்வரை அந்தக் குழியின் கோடு திரையின் அடியில் நேராகக் கிடக்கவேண்டும். தண்ணீருக்கு நோய் வந்துவிட்டால் அந்தத் தட்டில் உள்ள எவருடைய நோயையும் நம்ப முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதை மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஆனால் தண்ணீர் பேசாமல் கிடந்த ஒரு தட்டைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் பி.சி.ஆர். என்ற சொல் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயம் கிண்டுகிறவர்களின் வாயிலும் வந்துவிட்டது. அது என்ன என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லப் பார்ப்பேன். கொரோனா வைரசிடம் இருப்பது ஆர்.என்.ஏ. என்கிற ஒற்றை இழை. விரல் வியர்வை பட்டாலே சிதைந்துபோகும் அளவுக்கு நிலையற்றது. ஆகையால் முதலில் ஒரு நொதியை விட்டு அதை டி.என்.ஏ. ஆகப் பார்த்து எழுதவைப்போம். பிறகு சூடாக்குவதும் ஆறவிடுவதுமாக மெசின் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துண்டு இரட்டிக்கும், ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சின்ன ஒளி விழும். ஒளி போதுமான அளவு சேர்ந்ததும் திரையில் கோடு எழும்பும். கிருமி நிறைய இருந்தால் இருபதாம் சுற்றுக்கு முன்பே எழும்பிவிடும். கொஞ்சமென்றால் முப்பத்தைந்தைத் தாண்டும். நாங்கள் பாவித்த மருந்துப் பெட்டியின் விதிப்படி முப்பத்தெட்டுக்கு முன் எழும்பினால் தொற்று உண்டு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியையும் அது கோடியாக்கிக் காட்டும். அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று மட்டும் அதற்குத் தெரியாது.

அதனால்தான் எங்கள் ஆய்வுகூடத்தில் மூன்று அறைகள். முதலாம் அறையில் மருந்து கலப்பது. அங்கே ஒரு நோயாளியின் மாதிரியும் போகக்கூடாது. இரண்டாம் அறையில் மாதிரிகளைத் திறப்பது. மூன்றாம் அறையில் மெசின். முதலிலிருந்து மூன்றுக்குப் போகலாம், மூன்றிலிருந்து முதலாவதுக்கு ஒரு பொருளும் திரும்பி வரக்கூடாது. ஒவ்வொரு அறைக்கும் தனிச் செருப்பு, தனி அங்கி, தனிப் பிப்பெற். பிப்பெற் என்பது ஒரு துளியை அளந்து உறிஞ்சி இன்னொரு இடத்தில் விடும் கைக்கருவி. கட்டைவிரலால் அமத்தவேண்டும். என்னுடைய கட்டைவிரலில் இப்போதும் அந்தக் காய்ப்பு இருக்கிறது.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அப்பா மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிறவர். எனக்கு வேலை கிடைத்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலை என்னவென்று தெரிந்ததும் ஊர் ஒதுங்கத் தொடங்கியது. நான் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வந்தால் பக்கத்து வீட்டு மாமி படலையைச் சாத்துவார்.

"உங்கை வாறார் கொரோனாத் துரை. பிள்ளையள், உள்ளை வாங்கோடி!"

"மாமி, நான் மெசினோடைதான் வேலை செய்யிறனான்."

"அந்த மெசினுக்குத் தடிமன் காய்ச்சல் இல்லையெண்டு ஆர் கண்டது?"

அப்பா சிரிப்பார். ஆனால் அவரும் என் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாகத்தான் கழுவினார்.

சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழா வந்தது. அந்த முறை பள்ளிக்கூடங்கள் பூட்டு, கோயில்களில் சனமில்லை. ஆய்வுகூடத்தில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா, வட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் வராமல் இருந்தார். அவருக்குப் பதிலாக இன்னோர் ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் மதியத்தில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். மற்றபடி நான்தான்.

எங்கள் வீட்டில் அந்த நாள் விளையாட்டல்ல. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் கொப்பி புத்தகங்களை அம்மா சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்க, அப்பா தன் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். சந்தனம் இரண்டுக்கும் ஒரே அளவாகத்தான் பூசப்படும். அன்றைக்கு மண்வெட்டியையும் தொடக்கூடாது, புத்தகத்தையும் தொடக்கூடாது. எனக்குச் சோறு போடும் கருவியை அந்த நாளில் வைக்காமல் விடுவது எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

ஒரு எவர்சில்வர் தட்டத்தை எடுத்தேன். முதலாம் அறைக்குப் போய் அங்கிருந்த பிப்பெற்களை எடுத்து வைத்தேன். இரண்டாம் அறைக்குப் போய் அங்கிருந்தவற்றையும் எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே தட்டத்தில்தான். கந்தோர் அறை மேசையில் இருந்த சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டினேன். அவலும் கடலையும் காவலாளி ஐயாவுக்கும் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. கைகளைக் கழுவிக்கொண்டுதான் செய்தேன், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை சந்தனத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பிப்பெற்களில் ஒட்டியிருந்த நாடாவில் பேனையால் எழுதியிருந்த அறை இலக்கங்களும் சேர்ந்து அழிந்தன. மற்றவை அளவில் வேறு வேறு, பார்த்தவுடன் தெரியும். சின்னப் பிப்பெற்கள் இரண்டு மட்டும் ஒரே மாதிரி. ஒன்றின் பிடியில் மெல்லிய கீறல் இருந்தது. அது முதலாம் அறையினது என்று என் நினைவு சொன்னது. 'ஒன்று' என்று எழுதி முதலாம் அறையில் தொங்கவிட்டேன். அன்று முழுக்க இரண்டு தட்டு ஓட்டினேன். தண்ணீர்க் குழி இரண்டிலும் நேராகக் கிடந்தது.

அதற்கு அடுத்த நாள் அக்கா திரும்பி வந்தார். அன்று காலையில்தான் அந்த மாதிரியும் வந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து வந்தது. வயது எழுபதைத் தாண்டிய ஆண், விடியப்புறம் வீட்டில் நெஞ்சுவலி, கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. இறந்தவர் எவர் என்றாலும் பரிசோதித்துத்தான் உடலைக் கொடுப்பார்கள். படிவத்தில் ஏதோ ஓர் இலக்கம் விடுபட்டிருந்தது. காவலாளி என்னைக் கூப்பிட்டார். வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு மனிதர் அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"இது வாப்பாட அட்டை தம்பி. இலக்கம் சரியா எண்டு பாருங்க."

சரிபார்த்து எழுதினேன். அவர் என் காற்சட்டைக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலடி நீளம் கூடிப்போச்சு. ஆர் தைச்சது?"

"கடையில வாங்கினது அண்ணை."

"தெரியுது. தைச்சவன் உங்களைப் பாக்கவே இல்லை." சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போனது. "எல்லாம் முடியட்டும், என்ட தையல் கடைக்கு வாங்க. மூணு நிமிச வேலை. தம்பி, இது எப்ப முடியும்?"

"பத்தரை, பதினொண்டு ஆகும்."

"நெஞ்சுவலிதான் தம்பி. இருமல் ஒண்டும் இல்லை. ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கலாம் எண்டு சொல்லி வெச்சிருக்கிறம், கபுறும் வெட்டியாச்சு." அட்டையைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். "தொண்ணூறில உடுத்த சாரத்தோட இஞ்சயிருந்து போனவர். உம்மாவைப் புத்தளத்தில அடக்கினம். திரும்பி வந்து வீட்டுக்கு ஓடு போட்டு முடியுமுன்னமே எனக்குச் சொல்லிப்போட்டார், என்னை மட்டும் இஞ்ச வை எண்டு. வேற ஒண்டும் கேக்கல்ல."

தொண்ணூறில் நான் பிறக்கவில்லை. முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றிய கதையை எங்கள் ஊரில் ஒருவரும் கதைத்து நான் கேட்டதுமில்லை. "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாதங்களில் தொற்றோடு இறந்தவரை எரிக்கவேண்டும் என்பது நாட்டின் கட்டளை. எந்தச் சமயம் என்றாலும் அதுதான். பெட்டியில் மூடி, முகம் காட்டாமல், ஒரு வாகனம் கொண்டுபோகும். மகன் நின்ற நிலத்திலிருந்து மெசின் இருந்த அறைக்கு இருபது அடி தூரம்கூட இராது.

மருந்து கலந்தேன், குழிகளில் விட்டேன். அக்கா இரண்டாம் அறையில் மாதிரிகளைச் சேர்த்தார். தட்டு மெசினுக்குள் போனது. இருபத்தைந்தாம் சுற்றை அண்டி மனித மரபணுவின் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவை எழும்பத்தான் வேண்டும்: எடுத்த குச்சி உண்மையாகவே ஓர் ஆளைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. முப்பது. முப்பத்தைந்து. வைரசின் கோடுகள் எல்லாம் தரையில் கிடந்தன. முப்பத்தேழில் ஒன்று மட்டும் சோம்பலாக, கிடந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கியது.

அந்த முதியவருடைய குழி.

தண்ணீரைப் பார்த்தேன். நேராகக் கிடந்தது.

"முப்பத்தேழு" என்றார் அக்கா. "பிந்தித்தான் எழும்புது, ஆனா விதிப்படி பொசிற்றிவ். தண்ணி கிளீன். நாங்கள் ஒண்டும் செய்யேலாது." பதிவுக் கொப்பியை என் பக்கம் தள்ளினார். நான் பேனையை எடுக்க, அவர் கை நின்றது. "உம்மடை விரலில என்ன உது மஞ்சளா?"

பார்த்தேன். கட்டைவிரல் இடுக்கில் காய்ந்த சந்தனம். காலையில் கையுறை போடுமுன் பிப்பெற்றை எடுத்து இலக்கம் பார்த்திருந்தேன். அமத்தும் குமிழுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒளிந்திருந்த சந்தனம் விரலில் ஒட்டியிருக்கிறது.

"காலமை கோயிலுக்குப் போனனான் அக்கா."

அந்தப் பொய் எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கா தலையாட்டிவிட்டு, சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் எடுத்தார்.

"ஓம், பொசிற்றிவ் போலைதான். எழுத்தில பிறகு அனுப்புறன்."

மறுமுனையிலிருந்த குரல் எனக்கும் கேட்டது. "நல்லதாப்போச்சு மிஸ், வாகனத்துக்கு இப்பவே சொல்லிவிடுறன். ரெண்டு மணிக்கு எடுத்தா நாலுக்குள்ள முடிச்சிடலாம்."

கை கழுவப் போகிறேன் என்று சொல்லி வெளியே இறங்கினேன். பைப்படி வாசலுக்குப் பக்கத்தில். நான் சந்தனத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க, வாசலில் நின்றவருடைய போன் அடித்தது. கேட்டார். பிறகு வேப்பமரத்தில் கையை ஊன்றி, மெல்லக் குந்தினார்.

"எரிக்கப் போறாங்களாம் தம்பி."

நான் பைப்பைப் பூட்டவில்லை.

"சாம்பல் வேணுமெண்டா எழுதித் தரட்டாம். சாம்பலை வெச்சு நாங்க என்ன செய்யிறது?" அவர் என்னைக் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. எனக்கு விடை தெரியும் என்று நினைத்துக் கேட்டார். "நீங்க படிச்ச பிள்ளை, சொல்லுங்க. வெட்டின கபுறை என்ன செய்யிறது? மூடுறதா?"

திரும்பி உள்ளே போனேன். அந்த இருபது அடிக்குள் எனக்கு வந்த யோசனைகள் நல்லவையல்ல. தற்காலிக வேலை, மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமை. அப்பா ஊரில் சொல்லித் திரிந்தது. கீறல் விழுந்த பிப்பெற் முதலாம் அறையினதாகவே இருக்கலாம். அந்த முதியவருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கலாம். இருந்தால் நான் வாயைத் திறந்ததுதான் மிச்சம்.

"அக்கா, நான் கோயிலுக்குப் போகேல்லை."

"என்ன?"

"வாணி விழாவுக்கு எல்லாப் பிப்பெற்றையும் ஒரு தட்டத்தில வைச்சனான். ரெண்டு அறையிலயும் இருந்ததை. சந்தனம் துடைக்கேக்கை இலக்கம் அழிஞ்சுபோச்சு. சின்னது ரெண்டும் மாறிச்சோ தெரியேல்லை."

அக்கா பதிவுக் கொப்பியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்.

"உமக்கு அறிவிருக்கோ? இரண்டாம் அறைப் பிப்பெற்றாலயோ மருந்து கலந்தனீர்? சரஸ்வதியோ வந்து உமக்கு மெசின் ஓட்டித் தரப்போறா?"



"படம் இருக்கிற இடத்துக்குப் பிப்பெற் போகத் தேவையில்லை ஐயா. கதவில ஒரு பொட்டு வைச்சாக் காணும்." அலுமாரியைத் திறந்து கொள்வனவுக் கொப்பியை எடுத்து எறிந்தார். "தொடரிலக்கத்தைப் பாரும்."

பிப்பெற்றின் உடலில் எண்கள் பொறித்திருந்தன, ஸ்பிரிட்டுக்கு அழியாதவை. கொப்பியில் தேடினேன். கீறல் விழுந்தது இரண்டாம் அறைக்கு என்று வாங்கியது. மாதக்கணக்கில் நோயாளிகளின் மாதிரிகளை உறிஞ்சிய குழலால், இரண்டு நாளாகச் சுத்தமான மருந்தை அளந்திருக்கிறேன். பிப்பெற்றின் வாயில் மாட்டும் நுனிகளில் வடிகட்டி உள்ளவை முடிந்து, சாதாரணமானவற்றைப் பாவித்துக்கொண்டிருந்த கிழமை அது. குழலுக்குள் தங்கியிருந்த ஏதோ ஒரு தூசியளவு எப்போதாவது ஒரு குழியில் விழும். எல்லாக் குழியிலும் விழாது. தண்ணீரில் விழாமல் போயிருக்கிறது.

அக்கா மறுபடி போன் எடுத்தார். "வாகனத்தை நிப்பாட்டுங்கோ. முடிவு இல்லை."

"மிஸ், இப்பதானே பொசிற்றிவ் எண்டனீங்கள்? ட்ரைவர் வெளிக்கிட்டிட்டான்."

"வெளிக்கிட்டவனைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ. நான் கையெழுத்து வைக்காமல் ஆரும் ஆரையும் எரிக்கேலாது."

முதியவரின் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.யில் மிஞ்சியிருந்தது ஒரு தடவைக்குத்தான் காணும். பிணவறையில் மறுபடி எடுக்கக் கேட்டால் அடுத்த நாள் ஆகிவிடும், அதுவரை உடலை வைத்திருக்க மாட்டார்கள். பெட்டி உடைக்காத புதுப் பிப்பெற் ஒன்றை அக்கா எடுத்தார். மருந்தையும் புதிதாகத் திறந்தார். நான் தொடவேண்டாம் என்றார். பிறகு யோசித்துவிட்டு, "அந்தக் கீறல் விழுந்ததைக் கொண்டு எட்டுக் குழிக்கு வெறும் தண்ணி போடும். நீர்தான் போடோணும்" என்றார். அவருடைய தட்டில் முதியவர் ஒரு குழி, சுற்றிவரத் தண்ணீர். என்னுடைய எட்டும் தனியாக ஒரு மூலையில்.

ஒன்றரை மணித்தியாலம். எழுத்து முடிவை வாங்கிக்கொண்டு பிணவறைக்குப் போக, வெளியே வாகனம் வந்து நிற்பது ஜன்னலால் தெரிந்தது. ட்ரைவர் இறங்கி, கதவைத் திறந்துவிட்டு, சீட்டில் கால் நீட்டிக்கொண்டு படுத்தார். தையற்காரர் அதே இடத்தில் குந்தியிருந்தார், வாகனத்துக்கு முதுகு காட்டி. உள்ளே மெசினின் விசிறி இரைந்தது. இருபது. இருபத்தைந்து. இருபத்தாறில் முதியவரின் குழியில் மனித மரபணுவின் கோடு எழுந்து வளைந்து மேலே போனது.

முப்பத்தைந்து. முப்பத்தாறில் என்னுடைய தண்ணீர்க் குழி ஒன்று எழும்பியது. முப்பத்தேழில் இன்னொன்று. யாருடைய மூக்கையும் தொடாத தண்ணீர், என் கண்ணுக்கு முன்னால், நோயாளியாகிக்கொண்டிருந்தது. முதியவரின் வைரஸ் கோடு தரையில் கிடந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதில் மெசின் நின்றது. அவருடைய குழியில் எழுந்திருந்தது ஒரே ஒரு கோடுதான், அவர் ஒரு மனிதர் என்று சொன்ன கோடு.

"எழுதும்" என்றார் அக்கா. "முதல்ல நெகட்டிவ் எண்டு. பிறகு ஏன் ரெண்டாம் தரம் ஓட்டினம் எண்டதையும் எழுதும். பூசை எண்டே எழுதும்."

எழுதினேன். வாகனம் வெறுமையாகத் திரும்பிப் போனது. நான் வாசலுக்கு வர, தையற்காரர் எழும்பி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். கிட்ட வரக்கூடாது என்பது அவருக்கு நினைவிருந்தது.

"மெசின் பிழைச்சுப்போச்சுதா தம்பி?"

"ஓம்" என்றேன். "மெசின்."

முந்தின நாள் ஓட்டிய இரண்டு தட்டையும் அன்று பின்னேரம் மறுபடி ஓட்டினோம். அதில் பிந்தி எழுந்திருந்த ஒருவருடைய கோடும் நான் போட்ட அழுக்குத்தான். அவரை ஏற்கெனவே பஸ்ஸில் ஏற்றி நோயாளிகளோடு நோயாளியாக வைத்துவிட்டார்கள். ஒரு நாள் அங்கே இருந்தார். பிறகு அவருக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டார், எனக்குச் சொல்லவில்லை. என்னை நிறுத்தவும் இல்லை.

சில மாதம் கழித்துத் தையற்கடைக்குப் போனேன். ஐந்து சந்திப் பக்கம், ஒரு மெசின் மட்டும் உள்ள கடை. அடையாளம் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். காலடி வெட்டுவது மட்டும் போதாது, புதிதாக ஒன்று தைத்துத் தருகிறேன், துணியும் தன்னுடையது என்றார். இடுப்பை அளந்தார், எண்ணைச் சொல்லி எழுதினார். குந்தியிருந்து காலை அளக்கும்போது, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அண்டைக்கு உண்மையா மெசினா தம்பி பிழைச்சது?"

அப்போதுதான் சொன்னேன். தட்டம், சந்தனம், கீறல், கோயிலுக்குப் போனதாகச் சொன்ன பொய், எல்லாம். அவர் அளவு நாடாவை என் கணுக்காலில் பிடித்தபடியே கேட்டார். கடைக்கு வெளியே ஒரு ஓட்டோ நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"உங்க அக்கா விரலைப் பாக்காட்டி?"



அவர் நாடாவை விட்டார். "முப்பத்தொன்பதரை" என்று தனக்குத் தானே சொல்லி எழுதினார். "வெள்ளிக்கிழமை கழிச்சு வாங்க."

நான் போகவில்லை. வேலைக்குப் போகும் பஸ் அந்தச் சந்தியால்தான் திரும்பும். கடைக்குள், தைத்து முடித்த உடுப்புகள் தொங்கும் கம்பியின் கடைசியில், சாம்பல் நிறக் காற்சட்டை ஒன்று தொங்குகிறது. அதில் குத்தியிருக்கும் துண்டில் எழுதியிருப்பது பஸ்ஸிலிருந்து வாசிக்கும் தூரமில்லை. அவர் அதை எடுத்து வைக்கவுமில்லை, வேறு ஒருவருக்கு வெட்டிக் கொடுக்கவுமில்லை.